பல நாட்டுப் பாட்டு, ஒரே மேடை: யார் சுருதிக்கு யார் இறங்குவது?

2025 ஜனவரி 11 (இணையத்தில் இந்த உரையாடலைத் தொடங்கிய வாசகரின் கேள்வி; அதற்குக் கீழே வருபவை எல்லாம் ஒருவரே எழுதிய பதில்கள், மற்றவர்கள் எழுதியவை இங்கே இல்லை)

யோ-யோ மா ஆரம்பித்த சில்க்ரோடு குழுவின் கச்சேரி ஒன்றை யூடியூபில் பார்த்தேன். சீனத்துத் தந்தி வாத்தியம் பிப்பா, ஈரானின் வில் வாத்தியம் கமாஞ்சே, ஸ்பெயின் பக்கத்துத் துருத்தி வாத்தியம், நம்ம தபலா, எல்லாம் ஒரே மேடையில். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இது எந்த ஊர் இசை? கல்யாண பஃபேயில் ஒரே தட்டில் சாம்பார் சாதமும் நூடுல்ஸும் வாங்கிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது எனக்கு. எல்லா நாட்டு இசையும் வாசிக்கிறோம் என்கிற குழுக்கள் எந்த நாட்டு இசையையும் வாசிப்பதில்லை. இது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஜனவரி 11, இரவு

வந்துவிட்டேன். முழுசாக மறுக்கவில்லை, பாதிதான்.

நான் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இங்கே நூலகத்தின் அடித்தளத்தில் வாரம் ஒரு சாயங்காலம் கூடும் பதினொரு பேர் கும்பலில் நானும் ஒருவன். பல்கேரியாக்காரர் ஒருவர் குழல் வாசிப்பார், வேலை பஸ் ஓட்டுவது. பல் டாக்டர் ஒருவர் கைட்டா ஊதுவார். அதுதான் நீங்கள் சொல்லும் துருத்தி வாத்தியம், பையில் காற்றடைத்து வாசிப்பது, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா என்ற இடத்துச் சரக்கு. ஓர் ஈரானிய அம்மா கமாஞ்சே. அக்கார்டியன் ஒன்று, பிடில் இரண்டு, பாட்டுக்கு நான்கு பேர். கும்பகோணத்தில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றுப் பாதியில் விட்ட நான் ஒருவன். மாதத்துக்கு ஒரு முறை எங்காவது வாசிப்போம், பெரும்பாலும் இலவசமாக.

ஆக, உங்கள் தட்டில் ஒரு கரண்டி நூடுல்ஸ் நான்தான். தட்டிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்: கலப்பதில் எங்களுக்குள் தகராறே வந்ததில்லை. தகராறு எல்லாம் சுருதியில்.

ஜனவரி 12

முதலில் சில்க்ரோடு பற்றித் தெரிந்ததை வைத்துவிடுகிறேன், கச்சேரியைப் பார்க்காதவர்களும் இங்கே பேசுகிறார்கள்.

யோ-யோ மா பாரிஸில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த செல்லோக்காரர். 1998இல் இந்த முயற்சியை ஆரம்பித்தார். 2000இல் மாசசூசெட்ஸில் டாங்கிள்வுட் என்ற இடத்தில் பல நாட்டு இசைக்காரர்களையும் பாட்டமைப்பவர்களையும் கூட்டி உட்காரவைத்தார், குழு அங்கே உருவானது. பிப்பாவுக்கு வூ மான், கமாஞ்சேக்குக் கைஹான் கல்ஹோர், கைட்டாவுக்குக் கிறிஸ்தினா பாத்தோ, கிளாரினெட்டுக்கு டமாஸ்கஸ்காரர் கினான் அஸ்மே. தபலாவில் நீங்கள் பார்த்தது சந்தீப் தாஸாக இருக்கும், பாட்னாக்காரர், கிஷன் மகராஜின் சீடர். 2002இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நாட்டுப்புற விழா முழுவதையுமே பட்டுப்பாதை (அதாவது சில்க் ரோடு, சீனாவிலிருந்து மேற்கே போன பழைய வணிக வழி) என்ற ஒரே பொருளில் நடத்தினார்கள், இந்த ஆட்களும் அதில் உண்டு. 2017இல் கிராமி என்ற அமெரிக்க இசை விருது.

ஒரு வேடிக்கை. பட்டுப்பாதை என்கிறோமே, அந்தப் பெயரைப் பரப்பியவர் ரிஷ்தோஃபன் என்ற ஜெர்மன் புவியியலாளர், 1877இல். ஒட்டகத்தில் மூட்டை கட்டிப் போனவன் எவனும் 'நான் பட்டுப்பாதையில் போகிறேன்' என்று சொல்லியிருக்க மாட்டான். அடுத்த சந்தைக்குப் போகிறேன் என்றிருப்பான்.

ஜனவரி 14

சில்க்ரோடுகாரர்கள் நாட்டுப்புறக் குழு இல்லை என்று ஈப்போவிலிருந்து எழுதும் அண்ணன் சொல்வது சரி. இவர்களை நாட்டுப்புறக் குழு என்ற கணக்கிலேயே பேசிக்கொண்டு போனேன், தப்பு. கல்ஹோர் பாரசீகச் செவ்வியல் மரபில் தேர்ந்தவர். சந்தீப் தாஸ் பனாரஸ் கரானா, அதாவது அந்த ஊர்த் தபலாப் பரம்பரை. வூ மான் பெய்ஜிங்கில் முறையாகப் படித்தவர். பாத்தோ பியானோவிலும் பெரிய படிப்பு. நாட்டுப்புறம் என்றால் என் நூலகக் கும்பல்தான் கொஞ்சம் கிட்டே வரும், அதிலும் பல் டாக்டர் இருக்கிறார்.

ஜனவரி 19

சுருதி விஷயத்துக்கு வருகிறேன். நீளமாகப் போகும்.

நான் ஊரிலிருந்து கொண்டுவந்தது ஹெச்சு சுருதி, அதாவது உயர்ந்த சுருதி மிருதங்கம், ஐந்து கட்டை (சுருதி எவ்வளவு உயரம் என்பதை நாம் கட்டைக் கணக்கில்தானே சொல்வோம்). நம் ஊர்க் கச்சேரியில் பாடுகிறவர் ஒரு சுருதி, அதாவது ஓர் ஆதார சுரம், வைத்துக்கொள்வார், மூன்று மணி நேரமும் அதுதான். மிருதங்கம் அதில் சேர்ந்தால் போதும். இங்கே முதல் ஒத்திகையில் முதல் பாட்டு கைட்டாவுக்கானது. கைட்டா ஒரு கட்டை. ஐந்து கட்டை அதற்குப் பஞ்சமமாக, ஒத்துப்போகும் ஐந்தாவது சுரமாக, உட்கார்ந்துகொண்டது, பிழைத்தேன். அடுத்த பாட்டு இரண்டு கட்டை. என் வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், இப்போது மத்தியமம், நான்காவது சுரம். அதற்கடுத்தது இரண்டரை. வெள்ளைக்காரப் பிடில் தாத்தா முகத்தைச் சுளித்தார். கல்லையும் மரத்துண்டையும் எடுத்துப் பாட்டுக்குப் பாட்டு தட்டிக்கொண்டிருந்தால் நூலகத்தில் விடுவார்களா? விட்டாலும் ஒன்றரைக் கட்டை இடைவெளிக்கு மேல் தோல் வராது, வார் அறுந்துவிடும்.

அன்றைக்கே தெரிந்த முதல் பாடம்: கூட்டத்தில் யாரால் மாற முடியாதோ அவன் சுருதிதான் எல்லாருக்கும் சுருதி. கைட்டாவில் பையில் காற்றை நிரப்பியாயிற்று என்றால் அவ்வளவுதான். தோளில் கிடக்கும் நீளக் குழாய் ஒரே சுரத்தை 'ங்ங்ங்' என்று பிடித்துக்கொண்டிருக்கும். மெதுவாக ஊதவும் முடியாது. டாக்டர் மிக மரியாதையான மனிதர், ஆனால் அவர் வாத்தியத்துக்கு மரியாதை தெரியாது.

அடுத்த வரிசை அக்கார்டியன். அது பியானோவின் தம்பி, பன்னிரண்டு சுரம் வைத்திருக்கிறது, பதின்மூன்றாவது கிடையாது. அதற்கப்புறம் மெட்டு போட்ட தந்தி வாத்தியங்கள் (பாட்டின் மெட்டு இல்லை, தந்தியை அழுத்தக் குறுக்கே பதித்த கம்பி). மெட்டில்லாத பிடில், கமாஞ்சே எல்லாம் எங்கேயும் நழுவும், அதனால் எல்லாரும் அவர்களைத்தான் நழுவச் சொல்வார்கள். கடைசியில் பாடுகிறவர்கள். தொண்டைக்கு வார் கிடையாதே, அதனால் அதைக் கேட்காமலேயே இழுப்பார்கள்.

நான் என்ன செய்தேன்? மிருதங்கத்தை உறையில் போட்டுவிட்டுக் கஞ்சிராவுக்கு மாறினேன். கஞ்சிராவுக்குக் குறிப்பிட்ட சுருதி வேண்டாம். உள்பக்கம் தோலில் கொஞ்சம் தண்ணீர் தடவினால் இறங்கும், காய்ந்தால் ஏறும், அவ்வளவுதான் அதன் இலக்கணம். (உடும்புத் தோல் இல்லை, பயப்பட வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டம் எனக்கும் தெரியும். இது ஆட்டுத் தோல்.)

அதாவது, நானும் இறங்கிப்போனவன்தான்.

ஜனவரி 20

'வீணைக்கும்தானே மெட்டு இருக்கிறது?' என்று ஒரே ஒரு வரி எழுதி என்னைக் கவிழ்த்த அம்மணிக்கு நன்றி. உண்மை. 24 மெட்டு, மெழுகில் பதித்தது. ஆனால் தந்தியை இழுத்து மெட்டுக்கு வெளியே போய்விடுகிறோம். மாண்டலின் ஸ்ரீனிவாஸுக்கு அந்தக் குட்டி வாத்தியத்தில் வராத கமகமா, சுரத்தை வளைத்து அசைக்கும் வித்தையா? பிப்பாவிலும் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி வளைப்பது உண்டு. எனவே நேற்றைய வரிசையில் மெட்டுக்காரர்களை ஒரு படி கீழே இறக்குகிறேன், கீழே என்றால் நல்ல பக்கம்.

மாற முடியாதது என்றால் காற்றில் அதிரும் நாக்கு வைத்த, அக்கார்டியன் மாதிரிப் பெட்டிகளும் துருத்தியும்தான்.

ஜனவரி 26

தாளத்தில் நான் அடிவாங்கிய கதையும் இருக்கிறது. கட்சிக்குச் சம்பந்தமில்லை, சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

பஸ் அண்ணா ஒருநாள் ஒரு ருச்செனிட்சா வாசிக்கலாம் என்றார், ஏழு மாத்திரை நடனம். எனக்குள் சிரிப்பு. ஏழா? மிஸ்ர சாபு எங்கள் தெருப் பையன்கூடப் போடுவானே! தகிட தகதிமி, தகிட தகதிமி என்று வாசிக்க ஆரம்பித்தேன். நான்கு சுற்று போவதற்குள் எல்லாரும் ஒவ்வொரு திசையில் போய்விட்டார்கள்.

அவர்கள் ஏழு, தக திமி தகிட. நீள அடி கடைசியில் வருகிறது. என் ஏழில் அது முதலில். கணக்கு ஒன்றுதான், ஆனால் ஆடுகிறவனுக்குக் கால் விழும் இடம் வேறு. பஸ் அண்ணா குழலைக் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துச் சுழற்றிக்கொண்டு, எழுபது கிலோ உடம்போடு ஆடிக் காட்டினார். எண்ணாதே, என் காலைப் பார் என்றார். பார்த்தேன், வந்துவிட்டது.

அடுத்த வாரம் பதினொன்று கொண்டுவந்தார், கோபனிட்சா. தகதிமி தகிட தகதிமி. எங்கள் வாத்தியார் தாளத்தின் ஐந்து ஜாதி, அதாவது எண்ணிக்கை வகை, சொல்லிக்கொடுத்ததில் சங்கீர்ணம் ஒன்பதோடு கடை மூடிவிட்டது. இதற்கு நேராகக் காலைத்தான் பார்த்தேன், வாயில் எண்ணவே இல்லை. சீக்கிரம் பிடிபட்டது! தெரிந்ததாக நினைத்ததுதான் காலை வாரியிருக்கிறது.

பிப்ரவரி 2

'பல்கேரியப் பெண்கள் குழுப் பாட்டைக் கேளுங்கள், அதுதான் கலப்படமில்லாத கிராமத்து இசை' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் சொல்லும் அந்த மயிர்க்கூச்செறியும் பாட்டு என் உயிர். ஆனால் அது கிராமத்து இசை இல்லை. ஃபிலிப் குத்தேவ் என்பவர் 1951இல் அரசாங்கக் குழு ஒன்றை ஏற்படுத்தினார். ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பாட்டைப் பல குரலுக்குப் பிரித்து எழுதிப் பாடவைத்தார். அந்த வழியில் வந்த பாட்டுகளை மார்செல் செல்லியே என்ற சுவிஸ்காரர் 1975இல் இசைத்தட்டாக வெளியிட, உலகம் வாயைப் பிளந்தது. 1990இல் கிராமி வேறு.

ஊரில் இருந்தது இரண்டே குரல். சோஃபியாவைச் சுற்றியுள்ள ஷோப் பகுதியில் ஒருத்தி மெட்டைப் பாடுவாள், மற்றவர்கள் ஆதார சுரத்தைப் பிடிப்பார்கள், இரண்டும் உரசும். ஸட்ஜமும் அதை ஒட்டிய ரிஷபமும் சேர்ந்து ஒலித்தால் நமக்குப் பல் கூசும், அவர்களுக்கு அதுதான் இனிப்பு. பஸ் அண்ணாவின் அம்மா போனில் பாடிக் காட்டினார்கள். மணி அடித்த பிறகு காதில் நிற்குமே ஓர் அதிர்வு, அது.

ஆக, ஒரே நாட்டுக் குழுவிலும் யாரோ எழுதி, யாரோ ஒழுங்குபடுத்தி, யாரோ இறங்கித்தான் போயிருக்கிறார்கள். நம் கேள்வி பல நாடு என்பதைப் பற்றியதே இல்லையோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

பிப்ரவரி 9

இதை எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

ஈரானிய அம்மா ஷூர் என்ற பண்ணில் ஒரு பழைய மெட்டு வாசிப்பார். கமாஞ்சே பார்த்திருப்பீர்கள், சின்னச் சுரைக்காய் அளவு குடம், முன்பக்கம் தோல், அடியில் ஒரு முள். முழங்காலில் நிறுத்தி வில்லை இழுப்பார்கள். வேறு தந்திக்குப் போக வில்லைச் சாய்ப்பதில்லை, வாத்தியத்தையே திருப்புவார்கள். ஷூரின் இரண்டாவது சுரம் நம் சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும், அதாவது சின்ன 'ரி'க்கும் பெரிய 'ரி'க்கும், நடுவே நிற்பது. அதற்கு அவர்களுக்குப் பெயர் உண்டு, எழுதும்போது போட அடையாளமும் உண்டு, கோரோன் என்று.

அக்கார்டியனில் அந்த இடம் இல்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் விரிசல்தான் அந்தச் சுரம். அக்கார்டியன் அம்மா கீழே இருப்பதை அழுத்திப் பார்த்தார், மேலே இருப்பதை அழுத்திப் பார்த்தார், கடைசியில் மேலே இருப்பதை வைத்துக்கொண்டார். எல்லாரும் தலையாட்டினோம்.

மூன்றாவது ஒத்திகையில் கவனித்தேன். அந்தச் சுரம் வரும் இடத்தில் ஈரானிய அம்மாவின் வில் நகரவில்லை. சரியாக அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் கையை நிறுத்தி, அடுத்ததில் சேர்ந்துகொள்கிறார். ஒவ்வொரு சுற்றிலும். அக்கார்டியன் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு ஏன் தெரிந்தது என்றால், தோடி ராகத்தின் காந்தாரத்தை, அசைந்துகொண்டே இருக்க வேண்டிய அந்தச் சுரத்தை, ஆர்மோனியத்தில் கேட்டவனுக்கு அந்த இடம் வலிக்கும்.

கேள்வி கேட்டவரே, இந்த இடத்தில் உங்கள் கட்சிக்கு ஒரு ஓட்டு போடுகிறேன்.

பிப்ரவரி 10

ஆர்மோனியத்தை இழுத்தது என் தப்பு, இப்போது பத்துப் பேர் ஆர்மோனியச் சண்டையில் இறங்கிவிட்டீர்கள். ஆம், அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்தது, 1971 வரை. ஆம், கமகம் வராது என்பதுதான் குற்றச்சாட்டு. ஆனால் தெருக்கூத்தில் ஆர்மோனியம் இல்லாமல் துரியோதனன் வாய் திறப்பானா? வானொலி வெளியே தள்ளியதை கூத்துக்காரர்கள் தோளில் சுமந்து வைத்திருந்தார்கள்.

இன்னொன்று. நாக்கு அதிரும் பெட்டிகளுக்கெல்லாம் மூத்தது சீனத்து ஷெங். மூங்கில் குழாய்களைக் கட்டிவைத்து வாயால் ஊதுவது, சில்க்ரோடு குழுவிலும் உண்டு. அது ஐரோப்பா போய், அதைப் பார்த்துப் பலர் முயன்று, 1829இல் வியன்னாவில் அக்கார்டியன், அப்புறம் பாரிஸில் ஆர்மோனியம், அங்கிருந்து கல்கத்தா, கல்கத்தாவிலிருந்து நம் கூத்து மேடை. நம்மைப் பயமுறுத்தும் அந்த அடம்பிடித்த பெட்டியே பட்டுப்பாதை ஆசாமி!

துத்தியும் ஞாபகம் வருகிறது. தோல் பையில் காற்றடைத்துச் சுருதி பிடிக்கும் வாத்தியம், சின்னமேளத்தில், அதாவது சதிர் ஆட்டக் குழுவில், வாசித்தது. பல் டாக்டரிடம் எங்கள் ஊரிலும் துருத்தி இருந்தது என்று சொன்னேன். அதில் பாட்டு வராதா, வெறும் சுருதிதானா என்றார். ஆமாம், அதனால்தான் எல்லாருக்கும் அதைப் பிடித்திருந்தது என்றேன். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 23

'நம்மவர்கள் இதில் யாராவது?' என்று கேட்டிருக்கிறீர்கள். கடம் விக்கு விநாயக்ராம். 1970களில் கிடார் ஜான் மெக்லாலின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேனோடு சக்தி என்ற குழு. 1992இல் உலக இசை என்ற பிரிவில் முதன்முதலாகக் கிராமி கொடுத்தபோது அது அமெரிக்க டிரம்ஸ்காரர் மிக்கி ஹார்ட்டின் தாளக்குழுவுக்குப் போனது. நைஜீரியா, போர்ட்டோரிக்கோ, பிரேசில் ஆட்களுக்கு நடுவே அதில் நம் கடம். பானைக்கும் சுருதி உண்டு, ஆனால் வேண்டிய சுருதிக்கு வேறு பானை எடுத்துக்கொள்வார்கள். என் மிருதங்கப் பிரச்சினைக்கு விடை பானைக்கடையில் இருந்திருக்கிறது.

அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா. 2024இல் சக்திக்குக் கிராமி வந்தபோது மேடையில் கஞ்சிராவும் இருந்தது என்பதில் எனக்கு ஏதோ நானே வாங்கியது போல ஒரு பெருமை. அதே வருடம் டிசம்பரில் ஜாகிர் போய்விட்டார். அந்த வாரம் எங்கள் நூலகத்தில் ஒத்திகை நடக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த 'உலக இசை' என்ற பெயரும் 1987இல் லண்டனில் ஒரு மதுக்கடை மாடியில் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் கூடி, கடையில் எந்த அலமாரியில் அடுக்குவது என்று தெரியாமல் வைத்த பெயர். கிராமிக்காரர்கள் 2020இல் அதை மாற்றினார்கள். அலமாரி அதேதான்.

மார்ச் 9

கேட்டுவிட்டேன்.

காரை எடுக்கப் போகும்போது ஈரானிய அம்மாவிடம், 'நீங்கள் அந்த ஒரு சுரத்தை மட்டும் விட்டுவிடுகிறீர்கள்' என்றேன். அவர் திகைக்கவில்லை. நீ தாளக்காரன், உனக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரியில் நான் எழுதியதை இங்கே திருத்த வேண்டும். அக்கார்டியனோடு உரசப் பிடிக்காமல் மனம் நொந்து நிறுத்துகிறார் என்று நினைத்திருந்தேன். அது இல்லையாம். ஆரம்பத்தில் சரியாகத்தான் வாசித்தாராம். வாசித்தபோது சுற்றி இருந்த முகங்கள் எல்லாம் அவரைப் பார்த்தனவாம், பாவம், வயதாகிவிட்டது, விரல் தவறுகிறது என்பது போல. 'நான் சரியாக வாசித்தால் நான்தான் தப்பு' என்றார். அதனால் விட்டுவிட்டார்.

அந்த முகங்களில் ஒன்று என்னுடையது. யோசித்துப் பார்த்தேன், ஆமாம். அந்தப் பாட்டின் முதல் ஒத்திகையில் நானும் திரும்பிப் பார்த்தேன். தோடி காந்தாரம் என்று போன மாதம் இங்கே பெரிதாக எழுதிய அதே ஆள்.

மார்ச் 10

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. எனக்கெதற்கு ஆறுதல், அந்த அம்மாவுக்கல்லவா.

மார்ச் 16

கல்ஹோர் சில்க்ரோடு குழுவுக்காகவே அமைத்த பாட்டு ஒன்று உண்டு, ஈரானின் நெய்ஷாபூர் இரவின் நீலத்தைப் பற்றியது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், இந்த முறை யார் நிற்கிறார்கள், யார் நகர்கிறார்கள் என்று. கமாஞ்சேயைச் சுற்றி இருப்பவற்றில் பெரும்பாலானவை செல்லோவும் வயலினும் மாதிரி மெட்டில்லாத தந்திகள். அவை கமாஞ்சே போகும் இடத்துக்குப் போக முடியும், போகின்றன.

ஜனவரியில் நான் சொன்னது பாதிதான் சரி. மாற முடியாதவன் சுருதி எல்லாருக்கும் சுருதி ஆகிவிடுவது, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால். யார் வாசிக்க வேண்டும் என்பதைப் போலவே யார் வாயை மூட வேண்டும் என்பதையும் முடிவு செய்தால் அப்படி ஆகாது. மங்கோலியாவின் நெடும்பாட்டை வைத்து ஷரவ் என்பவர் இவர்களுக்கு அமைத்தது ஒன்று இருக்கிறது. பாடுகிறவள் மூச்சு முடியும்வரை டிராம்போன் என்ற பித்தளைக் குழல்கள் காத்திருக்கின்றன, அந்தக் காத்திருப்புதான் பாட்டில் பாதி.

எங்கள் கும்பலில் இதைச் சொன்னேன். யார் பெயரையும் இழுக்காமல், அக்கார்டியன் ஷூர் பாட்டில் வலது கையை எடுத்துவிட்டு இடது கையில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடித்தால் எப்படி என்று. அக்கார்டியன் அம்மா கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர், அப்பாடா, அந்தக் கட்டை எனக்கும் உறுத்திக்கொண்டேதான் இருந்தது என்றார். நான்கு மாதமாக இரண்டு பேரும் ஒரே இடத்தில் சங்கடப்பட்டிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

வில் நகர்ந்தது. அந்தச் சுரம் வந்தது. பிடில் தாத்தா முகத்தைச் சுளிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 30

இன்று ஊர் வசந்த விழாவில் வாசித்தோம். ஏற்பாட்டாளர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை. ஒரு நாட்டுக்கு நான்கு நிமிடம், எல்லாரும் அவரவர் தேசிய உடையில் வர வேண்டும் என்று மின்னஞ்சல். வெளியே இரண்டு டிகிரி. பட்டு வேட்டியும் அதற்குள் நீளப் பனிக்கால்சட்டையுமாக நின்றேன். பஸ் அண்ணா பஸ் சீருடையிலேயே வந்தார், இதுதான் என் தேசிய உடை என்றார். டாக்டர் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் கலீசியாவை விட்டது, அவர் இணையத்தில் வாங்கிய தொப்பி காதுவரை இறங்கிவிட்டது.

ஈரானிய அம்மா சாதாரணக் கறுப்புக் கோட்டில் வந்தார். 'உங்கள் உடை எங்கே' என்று ஒரு பெண் கேட்டதற்கு, இதை டெஹ்ரானில் வாங்கினேன் என்றார்.

நான்கு நிமிடத்தில் ஷூர் ஆரம்பிக்கக்கூட முடியாது. பாதியில் அடுத்த நாட்டுக்கு மணி அடித்தார்கள். பஃபே தட்டு என்று நீங்கள் ஜனவரியில் எழுதியது அந்த மணியைக் கேட்டதும் நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, 'அப்படியானால் குழுவில் குற்றமில்லை, மணி அடிப்பவனிடம்தான் குற்றம் என்கிறீர்களா' என்கிறார். இல்லை. மணி அடிக்காத நான்கு மாதமும் ஒரு சுரம் காணாமல்தான் போயிருந்தது.

சில்க்ரோடு பிறகு எங்கே போனது என்று கேட்டவருக்கு: 2020இல் ரியானன் கிடன்ஸ் கலை இயக்குநராக வந்தார். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர், பாட்டும் உண்டு. அவர் வந்தபின் செய்த பெரிய வேலை அமெரிக்க ரயில்பாதை பற்றியது. 1869இல் யூட்டாவில் கிழக்குப் பாதையும் மேற்குப் பாதையும் சேர்ந்தனவே, அதைப் போட்ட சீனர், அயர்லாந்துக்காரர், கறுப்பினத்தவர், நிலம் பறிபோன பூர்வகுடிகள், இவர்கள் எல்லாருடைய இசையும் சேர்ந்து வருகிறது. பட்டுப்பாதையைவிட எனக்கு இது பிடிக்கிறது. இந்த ஆட்கள் அல்லது இவர்கள் தாத்தாக்கள் உண்மையிலேயே ஒரே தண்டவாளத்தில் இருந்திருக்கிறார்கள், மேடைக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் இல்லை.

பாஞ்சோ பற்றி ஒரு துண்டு, மெட்டு விவாதத்தில் என்னைக் கவிழ்த்த அம்மணிக்காக. பாஞ்சோ ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக வந்தபோது அவர்களோடு வந்த சுரைக்குடுக்கை வாத்தியங்களின் வாரிசு. பழைய பாஞ்சோவுக்கு மெட்டு கிடையாது. மெட்டு 19ஆம் நூற்றாண்டில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கிடன்ஸ் வாசிப்பது அந்தப் பழைய மெட்டில்லாத மாதிரி. கேட்டால் தெரியும், சுரம் நழுவும்.

பிப்பா பற்றியும் முன்பு முழுசாகச் சொல்லவில்லை. அதன் மெட்டுகள் பியானோ கணக்குக்குச் சமமாக அடுக்கப்பட்டது போன நூற்றாண்டில்தான். அதற்கு முன் வேறு இடைவெளிகள். அவரவர் வீட்டிலேயே அவரவர் இறங்கித்தான் வந்திருக்கிறார்கள், மேடைக்கு வருவதற்கு முன்பே. நம் வயலின்கூட பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் எடுத்துக்கொண்ட பிறகுதான் நம்முடையது. அது சுலபமாக ஒட்டியதற்கு ஒரு காரணம், அதில் மெட்டு இல்லை.

ஏப்ரல் 7

'அப்படியானால் வாயேஜரில் அனுப்பிய தட்டு?' ஹாஹா. 1977இல் விண்கலத்தில், வேற்றுக்கிரகத்தில் யாராவது கேட்பார்கள் என்று அனுப்பிய இசைத்தட்டு. ஜார்ஜியாவின் பல குரல் பாட்டு, பல்கேரியப் பாடகி வால்யா பால்கன்ஸ்கா, ஜப்பான் குழல், நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர், எல்லாம் ஒரே தட்டில். ஒருவர் சுருதிக்கு ஒருவர் இறங்கவே இல்லை, ஏனென்றால் ஒன்று முடிந்து ஒன்று வருகிறது. ரசிகர் கூட்டம் மட்டும் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 27

சின்னச் செய்தி. குளிர்காலம் முழுக்க ஹீட்டர் காற்றில் டாக்டரின் கைட்டா சீவாளி, அதாவது அதிர்ந்து ஒலி தரும் நாக்கு, காய்ந்து வெடித்துவிட்டது. புதுசு கலீசியாவிலிருந்து வர வேண்டும், மூன்று வாரம் ஆகுமாம். மனிதர் ஒத்திகைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்.

எந்தச் சுருதியில் ஆரம்பிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நான்கு வருடத்தில் முதல் தடவை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் பிடில் தாத்தா ஈரானிய அம்மா பக்கம் திரும்பி, உங்களுக்கு எது வசதி என்றார். அவர் கமாஞ்சேயைத் தட்டிப் பார்த்து, கொஞ்சம் முறுக்கி, ஒரு சுரம் இழுத்தார். இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. பிடில்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. பாடுகிறவர்களும். அக்கார்டியன் அம்மா பெட்டியை மூடி வைத்துவிட்டுப் பாட உட்கார்ந்துகொண்டார், நல்ல குரல், இத்தனை நாள் தெரியாது.

டாக்டர் என்னிடம் குனிந்து, 'சீவாளி நான்கு வாரம் கழித்து வந்தாலும் பரவாயில்லை போல' என்றார். கஞ்சிராவில் தண்ணீர் அதிகமாகிவிட்டது அன்றைக்கு, தவளை மாதிரி கத்தியது. துடைத்துக்கொண்டே வாசித்தேன்.